இருந்தும் கெடுக்கும், செத்தும் கெடுக்கும்

வாசகர் கேள்வி – பதில்
(பதில் எழுதுபவர் மும்பையில் நோய்க்கூறியல் மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். செம்பூரில் வசிக்கிறார்.)

சென்ற இதழில், "சாக வேண்டிய செல் சாகாமல் உட்கார்ந்துவிடுவதும் கேன்சரில் பாதிக் கதை" என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். மீதிப் பாதி எங்கே என்று கேட்டு ஒரு கட்டுக் கடிதம், வாட்ஸ்அப் வேறு. நோய் விஷயம் என்பதால் பெயர்களை எடுத்துவிட்டு இடத்தை மட்டும் விட்டிருக்கிறேன்.

நல்லா இருக்கிற செல் எதுக்குச் சாகணும்? அது தானாகவே சாகும் என்றால் எப்படி, யார் சொல்லி?
— சயான் கோலிவாடா வாசகர்

உங்கள் விரல்களைப் பாருங்கள். கருவில் ஆறாவது, ஏழாவது வாரத்தில் அவை தனித்தனியாக இல்லை, இடையே சதை ஒட்டியிருந்தது. அந்த இடத்து செல்கள் ஒழுங்காகச் செத்து விலகியதால்தான் பேனா பிடித்து எனக்கு இந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறீர்கள். பிறந்த பிறகும் இது நிற்பதில்லை. குடலின் உட்புறத் தோல் நாலைந்து நாளில் முழுசாக மாறிவிடுகிறது. 2021-இல் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்து ஆய்வாளர்கள் போட்ட கணக்குப்படி, ஒரு நாளில் நம் உடம்பில் சுமார் 33,000 கோடி செல்கள் போய், கிட்டத்தட்ட அதே அளவு புதிதாக வருகின்றன. பெரும்பங்கு ரத்த செல்கள், அடுத்தது குடல்.

செல் சாவதில் முக்கியமாக இரண்டு விதம். மும்பைக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். லால்பாகில் ஒரு பழைய சால் (பல குடித்தனங்கள் ஒண்டியிருக்கும் மாடிக் கட்டடம்) ரீடெவலப்மென்ட்டுக்குப் போகிறது என்று வையுங்கள். முதலில் குடித்தனக்காரர்களைக் காலி செய்வார்கள். கரண்ட், தண்ணீர் இணைப்பைத் துண்டிப்பார்கள். பச்சை வலை கட்டி, கதவு ஜன்னலைக் கழற்றி விற்று, மாடி மாடியாக இறக்குவார்கள். பக்கத்துக் கட்டடத்தில் ஒரு கண்ணாடிகூட உடையாது. அதே சால் ஜூலை மழையில் நடுராத்திரி தானாகச் சரிந்தால்? பக்கத்து வீட்டுச் சுவரும் சேர்ந்து போகும், ஃபயர் பிரிகேட் வரும், தெருவே அல்லோலகல்லோலப்படும். முதலாவது அப்போப்டோசிஸ், திட்டமிட்ட செல் மரணம். இரண்டாவது நெக்ரோசிஸ். அதில் செல் வீங்கி வெடித்து, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டி, அந்த இடமே புண்ணாகிச் சிவந்துவிடும்.

மைக்ராஸ்கோப்பில் இரண்டையும் பிரித்துச் சொல்வது என் பிழைப்பாக இருந்தது. அப்போப்டோசிஸில் போகும் செல் அக்கம்பக்கத்தை விட்டு விலகிச் சுருங்கும். ஈயோசின் சாயத்தில் அதன் உடம்பு அடர்ந்த ரோஸ் நிறமாகத் தெரியும். நடுவில் இருக்கும் நியூக்ளியஸ் இறுகி, கருநீலத்தில் இரண்டு மூன்று உருண்டைகளாக உடைந்திருக்கும். சுற்றிலும் மெல்லிய வெள்ளை வளையம். கொஞ்சம் தள்ளி மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவு செல் ஒன்று, ஏற்கெனவே விழுங்கியதை வயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சாகும் செல் தன் உறையின் உட்பக்கம் இருக்க வேண்டிய ஒரு கொழுப்பை வெளிப்பக்கம் திருப்பிக் காட்டும். அந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் மேக்ரோஃபேஜ் வருகிறது. சில மணி நேரத்தில் சுத்தமாகக் காரியம் முடிந்துவிடும். ஸ்லைடில் ஒன்றிரண்டு கண்ணில் பட்டாலே உண்மையில் செத்தது ஏராளம் என்று அர்த்தம்.

இந்தச் சாவுக்கு 1972-இல் ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டேர் கரி மூவரும் இலக்கணம் எழுதினார்கள். அந்தக் கட்டுரை வந்ததே ஒரு கேன்சர் இதழில்தான். ஆனாலும் ரொம்ப நாள் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு ஒன்று வந்துதான் மானத்தைக் காப்பாற்றியது. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்று பெயர். அது வளரும்போது 1,090 செல்கள் உண்டாகும், அதில் 131 சாகும், 959 மிஞ்சும். எந்தப் புழுவை எடுத்தாலும் அதே 131. எது, எப்போது சாகும் என்பதுகூட மாறுவதில்லை. அப்படியானால் உத்தரவு ஜீனில் எழுதியிருக்கிறது என்றுதானே பொருள்? அந்த ஜீன்களைத் தேடிப் பிடித்த வகையில் சிட்னி பிரென்னர், ஜான் சல்ஸ்டன், ராபர்ட் ஹார்விட்ஸ் மூவருக்கும் 2002-இல் நோபல் கிடைத்தது.

யார் சொல்லி என்று கேட்டீர்கள். இரண்டு வழியாக உத்தரவு வரும். வெளியிலிருந்து இன்னொரு செல் வந்து தொட்டுச் சொல்வது ஒன்று. உள்ளேயே டிஎன்ஏ கெட்டுப்போய் "இனி தேறாது" என்று முடிவாவது இன்னொன்று. உள்வழியில், செல்லுக்குச் சக்தி தயாரித்துக் கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் ஓட்டை விழுந்து சைட்டோகுரோம் சி என்ற புரதம் வெளியே கசியும். அதுவரை அது செல்லின் சுவாச வேலைக்கு ஒத்தாசை செய்துகொண்டிருந்த புரதம். வெளியே வந்ததும் கேஸ்பேஸ் என்ற நொதிகளைக் கிளப்பிவிடுகிறது. வெட்டுகிற வேலையெல்லாம் கேஸ்பேஸ்கள் பார்த்துக்கொள்ளும்.

அம்மாவின் பயாப்சி ரிப்போர்ட்டில் "அப்போப்டோசிஸ் மிகுதியாக உள்ளது, நெக்ரோசிஸும் காணப்படுகிறது" என்று இருக்கிறது. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, கட்டி தானாகவே அழிகிறது என்று வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள். சரிதானா?
— செம்பூர் வாசகி

இல்லை அம்மா. இந்தச் சந்தோஷத்தைக் கலைக்க எனக்கே சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கேன்சர் என்றால் செல் சாகாது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். நிஜத்தில் பெரும்பாலான கட்டிகளில் செல்கள் செத்துக்கொண்டேதான் இருக்கின்றன. சாவதைவிடப் பிறப்பது அதிகம் என்பதால் கட்டி வளர்கிறது. பர்கிட் லிம்ஃபோமா என்று ஒன்று, குழந்தைகளுக்கு வரும் நிணநீர்க் கேன்சர். ஸ்லைடை வைத்தால் முழுக்கக் கருநீலமாக செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், நடுநடுவே வெளிறிய புள்ளிகள். "நட்சத்திர வானம்" என்று நாங்கள் சொல்வோம். அந்த ஒவ்வொரு நட்சத்திரமும், செத்த செல்களை விழுங்கிய ஒரு மேக்ரோஃபேஜ். அத்தனை சாவு! ஆனால் மனிதருக்கு வரும் கட்டிகளிலேயே மிக வேகமாக வளர்வனவற்றில் அதுவும் ஒன்று. ஓரிரு நாளில் இரட்டிப்பாகும். (கடுமையான கீமோவுக்கு நன்றாகவே மசியும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதற்கு வேறு கடிதம் வரும்.)

சிகிச்சை தொடங்கும் முன்பே ரிப்போர்ட்டில் நெக்ரோசிஸ் இருந்தால் பெரும்பாலும் அர்த்தம் இதுதான்: கட்டி வளர்ந்த வேகத்துக்கு ரத்தக் குழாய் ஈடு கொடுக்கவில்லை, நடுப்பகுதி பட்டினியில் போய்விட்டது. அதாவது அவசரக்காரக் கட்டி. அதே வார்த்தை கீமோ முடிந்து அறுவை செய்த பிறகு வந்தால் கதையே வேறு. ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புக் கேன்சரில், கீமோவுக்குப் பின் கட்டியில் 90 சதவீதமோ அதற்கு மேலோ செத்திருந்தால் மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். ஆகவே வார்த்தையைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள், தேதியையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான் என்பார்களே, அது கேன்சர் செல்லுக்கு நூற்றுக்கு நூறு பொருந்தும். 2011-இல் அமெரிக்காவில் எலிகளை வைத்துச் செய்த ஒரு சோதனையில், கதிர்வீச்சில் சாகும் செல்களில் கிளம்பிய கேஸ்பேஸ்-3, புராஸ்டகிளாண்டின் இ2 என்ற பொருளை வெளியே விடவைப்பதும், அதைக் குடித்துப் பக்கத்தில் தப்பிய செல்கள் சுறுசுறுப்பாக வளர்வதும் தெரிந்தது. அடிபட்ட தோல் ஆறுவதற்கு உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு அது. கட்டி அதைத் தன் சௌகரியத்துக்கு எடுத்துக்கொள்கிறது. செத்த செல்களைத் தின்று பழகிய மேக்ரோஃபேஜும் சாந்தமாகிவிடும். எதிர்ப்பு சக்திப் படையைக் கூப்பிடாமல், "இங்கே ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடும்.

அதற்காகப் பயப்படவும் வேண்டாம். அம்மாவின் ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரியை வைத்து யாரும் சிகிச்சையைத் தீர்மானிக்கப் போவதில்லை. எந்த வகை, எந்த கிரேடு, எந்த ஸ்டேஜ், இந்த மூன்றையும் டாக்டரிடம் கேளுங்கள்.

டாக்டர், நான் தினமும் மாவா (பாக்கும் புகையிலையும் கலந்தது) போடுவேன். கன்னத்துக்கு உள்ளே வெள்ளையா ஒரு திட்டு இருக்கு, வலியே இல்ல. அது பாட்டுக்குப் போயிரும்னு பிரண்டுங்க சொல்றாங்க. போயிருமா?
— தாராவி தம்பி ஒருவர், வாட்ஸ்அப்பில்

தம்பி, வலி இல்லை என்பதுதான் அதில் மோசமான பகுதி. இந்த வாரமே போய்க் காட்டு. பல் டாக்டராக இருந்தாலும் பரவாயில்லை.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். நம் செல்களில் பி53 என்று ஒரு புரதம் இருக்கிறது, 1979-இல் கண்டுபிடித்தது. டிஎன்ஏவில் அடி விழுந்தால் பிரிவதை நிறுத்தச் சொல்லும், பழுதுபார்க்க நேரம் கொடுக்கும், தேறாது என்றால் சாகச் சொல்லும். மாவாவில் இருக்கும் புகையிலை ஒவ்வொரு தடவையும் கன்னத்து செல்களின் டிஎன்ஏவில் அடிக்கிறது. அடிபட்டவை பி53 சொன்னபடி செத்துப்போய், புதுத் தோல் வரும். இப்படியே ஓடிக்கொண்டிருக்கையில் ஒரு நாள் அடி பி53-இன் ஜீனிலேயே விழுகிறது. அந்த ஒரு செல்லுக்கு இனிமேல் சாகச் சொல்ல ஆள் இல்லை. மற்றதெல்லாம் சாக, அது மட்டும் நின்று, பக்கத்து இடத்தையும் பிடிக்கிறது. அதன் பிள்ளைகள் மேல் அடுத்த அடி, அதற்கடுத்த அடி. எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு நிற்கும். மனிதருக்கு வரும் கேன்சர்களில் ஏறக்குறைய பாதியில் இந்த ஜீன் கெட்டிருக்கிறது. புகையிலையால் வரும் வாய்ப் புற்றில் இன்னும் சகஜம். வெள்ளைத் திட்டு எல்லாமே கேன்சர் ஆகாது. எது ஆகும் என்பதை ஒரு சின்னத் துண்டு எடுத்து ஸ்லைடில் பார்த்தால்தான் சொல்ல முடியும். உன் பிரண்டுகளால் முடியாது.

"புகையிலையை விட்டுடறேன், வெறும் பாக்கு மட்டும்" என்று அடுத்த மெசேஜ் வரும், தெரியும். பாக்கு மட்டுமே போதும் கேன்சருக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் கேன்சர் ஆய்வு முகமை பாக்கை 2003-இலேயே, கேன்சர் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. மகாராஷ்டிராவில் குட்காவுக்குத் தடை வந்தது 2012-இல். உங்கள் தெருமுனையில் இன்றைக்கும் கிடைக்கும், அதுவும் தெரியும். கண்ணாடி முன் நின்று உன் மூன்று விரலைச் செங்குத்தாக வாய்க்குள் வைத்துப் பார். போகவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்.

கத்தி பட்டால் கேன்சர் பரவும் என்கிறார்களே? ஊசி போட்டு எடுத்தாலே உதிர்ந்து ரத்தத்தில் கலந்துவிடாதா?
— முலுண்ட் வாசகர்

சில செல்கள் ரத்தத்தில் போகலாம். கத்தியே படாவிட்டாலும் கட்டியிலிருந்து செல்கள் தினமும் ரத்தத்தில் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. போய்ச் சேர்ந்து குடித்தனம் நடத்துவது எத்தனை என்பதுதான் கேள்வி. ஒட்டிக்கொண்டு வாழப் பழகிய செல், பிடி விட்டுப்போனால் சாகும்படி உத்தரவு இருக்கிறது. அனாய்கிஸ் என்பார்கள், இதுவும் அப்போப்டோசிஸ்தான். 1970-இல் ஐசையா ஃபிட்லர் கேன்சர் செல்களுக்குக் கதிரியக்க அடையாளம் போட்டு எலிகளின் ரத்தத்தில் செலுத்திப் பார்த்தார். ஒரு நாளுக்குள் மிகப் பெரும்பாலானவை போய்ச் சேர்ந்துவிட்டன, மிஞ்சிய சொற்பத்தில்தான் கட்டி வந்தது. பரவுகிற கேன்சர் என்பது பிடி விட்டுப் போனாலும் சாகாமலிருக்கக் கற்றுக்கொண்ட கேன்சர். அந்தப் பாடத்தை அதற்கு ஊசி கற்றுக்கொடுப்பதில்லை, காலம் கற்றுக்கொடுக்கிறது. பயாப்சிக்குப் பயந்து ஆறு மாதம் தள்ளிப்போட்டவர்களின் ஸ்லைடுகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

விதிவிலக்கு உண்டு. விரைக் கட்டியில் விதைப்பை வழியாக ஊசி போட மாட்டார்கள். கல்லீரல் கட்டியில் ஊசித் தடத்தில் கேன்சர் வளரும் சிறு வாய்ப்பு இருப்பதால் பல நேரம் ஸ்கேனை வைத்தே முடிவு செய்வார்கள். இதெல்லாம் டாக்டர்களுக்குத் தெரிந்ததுதான்.

ஏகாதசி உபவாசம் இருந்தால் கேன்சர் செல்கள் தம்மைத் தாமே தின்று அழியும், இதற்கு ஜப்பான்காரருக்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள் என்று சத்சங்கத்தில் ஒரு மாமி சொன்னார். என் கணவருக்குக் கீமோ நடக்கிறது. மாதம் இரண்டு ஏகாதசியும் இருக்கச் சொல்லட்டுமா?
— மாட்டுங்கா வாசகி

வேண்டாம், வேண்டவே வேண்டாம். கீமோ நடக்கும்போது எடை குறையாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடு. அவர் பேரில் நீங்கள் இருந்துகொள்ளுங்கள், பெருமாள் கணக்கில் எடுத்துக்கொள்வார்.

யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் கிடைத்தது நிஜம். அவர் ஆராய்ந்தது ஈஸ்ட். சோறு கிடைக்காத செல் தன் பழைய உறுப்புகளைத் தானே செரித்து நாளைக் கடத்துகிறது. ஆட்டோஃபேஜி என்று பெயர். நன்றாகக் கவனியுங்கள், அது சாகும் வழியே இல்லை, பிழைக்கும் வழி! ஆரோக்கியமான செல்லில் அது குப்பையைக் கழித்துக் கேன்சர் வராமல் கொஞ்சம் காக்கிறது. ஆட்டோஃபேஜிக்கு வேண்டிய ஒரு ஜீனில் ஒரு பிரதி குறைந்த எலிகளுக்குக் கட்டி அதிகம் வருகிறது. ஆனால் வந்து வளர்ந்துவிட்ட கட்டிக்குள், ஆக்சிஜனும் உணவும் எட்டாத மூலையில் மாட்டிய கேன்சர் செல், இதே ஆட்டோஃபேஜியை வைத்துத்தான் உயிர் பிழைக்கிறது. அதனால் ஆய்வாளர்கள் ஹைட்ராக்சி குளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைக் கொடுத்து அதைத் தடுத்துப் பார்க்கிறார்கள். சத்சங்க மாமி சொன்னதற்கு நேர் எதிர்.

மஞ்சள், முள்சீத்தா இதெல்லாம் கேன்சர் செல்லைக் கொல்லும் என்று ஆராய்ச்சியிலேயே நிரூபித்திருக்கிறார்களாமே. அலோபதிக்காரர்கள் ஏன் மறைக்கிறீர்கள்?
— தானே வாசகர்

மறைக்கவில்லை ஐயா. கண்ணாடித் தட்டில் வளர்த்த கேன்சர் செல்லை மஞ்சளின் குர்குமின் கொல்லும். எத்தனையோ கொல்லும், பினாயில்கூட. கொல்வது பெரிய வித்தை இல்லை, பக்கத்தில் இருக்கும் நல்ல செல்லை விட்டுவிட்டுக் கொல்ல வேண்டும், அதுவும் வாய் வழியாகப் போய், குடலும் கல்லீரலும் தாண்டி. குர்குமின் கிராம் கணக்கில் சாப்பிட்டாலும் ரத்தத்தில் சேர்வது அற்பம். ரசத்துக்குப் போடுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. முள்சீத்தாவில் இருக்கும் அனோனசின் மைட்டோகாண்ட்ரியாவை முடக்குகிற பொருள். மூளை செல்லுக்கும் அது விஷம். கரீபியன் தீவான குவாடலூப்பில் அந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் அதிகம் சாப்பிட்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற ஒரு நோய் காணப்பட்டதும் அதனால்தான் பெரிய கவலையாயிற்று.

செடியிலிருந்து மருந்தே கிடையாதா என்றால், உங்கள் பில்டிங் காம்பவுண்டிலேயே இருக்கும், நித்தியகல்யாணி. சர்க்கரைக்கு நல்லதா என்று சோதிக்கப் போய், 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்ல்ஸ் பீரும் அதிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தார்கள். பின்னால் வின்கிரிஸ்டின் வந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றில் இன்றும் அதை விட்டால் ஆகாது. பிரியும் செல்லைப் பாதியில் நிற்க வைத்து, அது அப்போப்டோசிஸில் போகும்படி செய்கிறது. பெரியவர்களுக்கே ஒரு தடவைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்ட மாட்டார்கள், அத்தனை வீரியம். இதைப் படித்துவிட்டு யாரும் இலையைப் பறித்து மெல்லக் கூடாது.

அப்பாவுக்கு வயது 71, சிஎல்எல் என்ற ரத்தப் புற்று. வெனிடோக்ளாக்ஸ் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். முதல் வாரம் 20 மில்லிகிராம், பிறகு 50, 100, 200, கடைசியில் 400. வியாதி இருக்கும்போது எதற்கு இந்த இழுத்தடிப்பு? முழு டோஸையும் உடனே கொடுத்தால் சீக்கிரம் குணமாகாதா?
— டோம்பிவிலி வாசகர்

இந்த மாதக் கடிதங்களில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. அந்த மாத்திரைதான் இந்தப் பக்கத்தில் பேசிக்கொண்டிருக்கும் சங்கதியின் நேரடிப் பலன்.

சிஎல்எல் செல்கள் பெரும்பாலும் நிதானமாகத்தான் பெருகும். சாகாமல் சேர்ந்துகொண்டே போவதுதான் பிரச்சினை. காரணம் பிசிஎல்-2 என்ற புரதம். சாகச் சொல்லும் புரதங்களைப் பிடித்துக் கட்டிப்போட்டு வைத்திருக்கும். 1980-களின் நடுவில் வேறொரு லிம்ஃபோமாவில் இந்த ஜீனைக் கண்டுபிடித்தபோது, மற்றக் கேன்சர் ஜீன்களைப் போல இதுவும் செல்லைப் பெருக வைக்கும் என்றே நினைத்தார்கள். 1988-இல் மெல்பர்னில் டேவிட் வாக்ஸ், சூசன் கோரி, ஜெரி ஆடம்ஸ் மூவரும் இது பெருக்குவதில்லை, சாகாமல் காக்கிறது என்று காட்டினார்கள். பெருகாமல், வெறுமனே சாகாமலிருந்தும் கேன்சர் உண்டாகும் என்பது அப்போது புதுச் செய்தி. அந்தப் புரதத்தின் மடிப்புக்குள் போய் உட்காரும் மாத்திரை, கட்டிப்போட்டவர்களை அவிழ்த்துவிடும் மாத்திரை, அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2016-இல். இடையில் 28 வருடம்.

அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும்? வருடக்கணக்காகச் சேர்ந்திருந்த செல்கள் சில மணி நேரத்தில் கூட்டம் கூட்டமாகச் சாகும். ஒரு சால் கட்டடத்தை ஒழுங்காக இடிக்கலாம். ஒரே நாளில் நூறு சால் கட்டடங்களை இடித்தால் இடிபாட்டை அள்ள லாரிக்கு எங்கே போவது? செல்லுக்குள் இருந்த பொட்டாசியமும் பாஸ்பரஸும் ரத்தத்தில் ஏறும், டிஎன்ஏ உடைந்து யூரிக் ஆசிட் ஆகும், சிறுநீரகம் அடைக்கும், இதயத் துடிப்பு தடுமாறும். டியூமர் லைசிஸ் என்பார்கள். ஆரம்பச் சோதனைகளில் இதனால் உயிரிழப்பே நேர்ந்தது. அதன் பிறகுதான் ஐந்து வாரத்தில் படிப்படியாக ஏற்றும் இந்த முறை வந்தது. மருந்து வேலை செய்யாதோ என்ற தயக்கம் இதில் துளியும் இல்லை, அளவுக்கு மீறி வேலை செய்துவிடுமே என்ற பயம்தான்.

எனவே அப்பா தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். டாக்டர் சொன்ன அளவை, மாத்திரை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே. யூரிக் ஆசிட்டுக்கு எழுதித்தந்த மாத்திரையை விட்டுவிடக் கூடாது. டோஸ் ஏறும் நாட்களில் ரத்தம் எடுக்கக் கூப்பிட்டால் டிரெயின் கூட்டத்தைச் சாக்குச் சொல்லித் தள்ளிப்போடக் கூடாது. கிரேப்ஃப்ரூட்டும் நட்சத்திரப் பழமும் தொடக் கூடாது, மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

கீமோவில் முடி மட்டும் ஏன் கொட்டுகிறது?
— காட்கோபர் வாசகி

முடி மட்டும் இல்லை, வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் அதே காரணத்தால்தான். வேகமாகப் பிரியும் நல்ல செல்களில் பி53 ஒழுங்காக இருப்பதால், மருந்து பட்டதும் சொன்ன பேச்சைக் கேட்டுச் செத்துவிடுகின்றன. மூல செல்கள் பெரும்பாலும் தப்பிக்கும், அதனால் முடி திரும்ப வரும்.

மகளுக்கு 12 வயது. கர்ப்பப்பை வாய்க் கேன்சர் தடுப்பூசி போடச் சொல்கிறார்கள். கிருமிக்கும் கேன்சருக்கும் என்ன சம்பந்தம்?
— ஆண்டாப் ஹில் வாசகி

அந்தக் கேன்சருக்குக் காரணமான எச்பிவி என்ற வைரஸ், தான் பெருகும்வரை செல் சாகக் கூடாது என்று நினைக்கிறது. அதற்காக இ6 என்று ஒரு புரதம் செய்து, பி53-ஐப் பிடித்துச் செல்லின் குப்பைத் தொட்டியில் போடவைக்கிறது. ஜீன் நன்றாக இருக்கிறது, புரதம் மட்டும் செய்யச் செய்யக் காணாமல் போகிறது. வருடக்கணக்கில் இப்படியே போனால் கேன்சர். கிருமியே ஒட்டாவிட்டால் இத்தனைக்கும் இடமில்லை. புனேயில் தயாராகும் நம் ஊர்த் தடுப்பூசியே 2023-இலிருந்து கிடைக்கிறது. போடுங்கள்.

நுரையீரல் கேன்சர் ரிப்போர்ட்டில் பிடி-எல்1 என்று இருக்கிறது. கூகுளில் "புரோகிராம்டு டெத்" என்று வருகிறது. நீங்கள் சொன்ன செல் மரணம்தானா இது?
— அந்தேரி வாசகர்

இல்லை. 1992-இல் கியோட்டோவில் டசுகு ஹோன்ஜோவின் ஆய்வுக்கூடத்தில் செல் மரண ஜீன்களைத் தேடும்போது பிடி-1 அகப்பட்டதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது; பிடி-எல்1 அதில் போய் ஒட்டும் ஜோடிப் புரதம். பிடி-1-இன் உண்மையான உத்தியோகம், எதிர்ப்பு சக்திப் படையைச் சேர்ந்த டி செல்களை அடக்கிவைப்பது. கேன்சர் செல் பிடி-எல்1-ஐத் தன் மேல் காட்டி, கொல்ல வந்த டி செல்லைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. தடையை மருந்தால் நீக்கினால் டி செல் நெருங்கி, கேன்சர் செல்லில் துளை போட்டு உள்ளே நொதிகளை விடும். அவை கேஸ்பேஸைக் கிளப்பும். சுற்றி வளைத்து அப்போப்டோசிஸுக்குத்தான் வந்து நிற்கிறோம்.

விலைதான் மலைக்க வைக்கும். பரேலில் டாடா மெமோரியல் மருத்துவர்கள் இதற்கு ஒரு வழி தேடினார்கள். குணப்படுத்த முடியாத நிலையில் இருந்த தலை, கழுத்துக் கேன்சர் நோயாளிகள் 151 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான குறைந்த விலை மாத்திரைகள் மட்டும். மறு பாதிக்கு அதோடு, அந்தத் தடையை நீக்கும் மருந்தான நிவோலுமாப், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வெறும் 20 மில்லிகிராம். மற்ற இடங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை 240 கொடுப்பார்கள். ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் பாதியில் 16.3 சதவீதம், இரண்டாவதில் 43.4. உங்களுடையது நுரையீரல், கணக்கு வேறு. ஆனாலும் குறைந்த டோஸ் பற்றி டாக்டரிடம் கேட்பதில் தப்பில்லை. பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள்.

யானை அவ்வளவு பெருசா இருக்கே, அதுக்கு நம்மைவிட அதிகமாக் கேன்சர் வரணும்தானே?
— ஏழாம் வகுப்பு மாணவி, வாஷி

சபாஷ்! ரிச்சர்ட் பீட்டோ என்ற புள்ளியியலாளர் 1970-களில் எழுப்பிய கேள்வி இது. வரணும், ஆனால் வருவதில்லை. நம்மிடம் பி53 ஜீன் ஒன்று, அம்மா வழி அப்பா வழி என்று இரண்டு பிரதி. யானையிடம் அதைப் போல இருபது மடங்கு. டிஎன்ஏவில் கொஞ்சம் அடிபட்டாலே யானையின் செல் பேரம் பேசாமல் செத்துவிடுகிறது. 2015-இல் கண்டுபிடித்தார்கள்.

இரண்டாவது அபிப்பிராயத்துக்கு டாடாவுக்குப் போகிறோம். ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதுமா?
— ஐரோலி வாசகர்

போதாது. முதலில் பயாப்சி செய்த லேபில் எழுதிக் கொடுத்து ஸ்லைடுகளையும், சதைத் துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் வாங்கிக்கொள்ளுங்கள். பி53, பிசிஎல்-2 சாயமெல்லாம் பிளாக்கிலிருந்து புதிதாகச் சீவினால்தான் போட முடியும். பிளாக் எண்ணும் ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று கவுன்டரிலேயே நின்று சரிபாருங்கள். வாங்கியதைக் கார் டாஷ்போர்டில் வெயிலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், மே மாத மும்பையில் மெழுகு இளகிவிடும்.